ஜெனரேட்டரின் கழுத்தளவு

வண்டி ஓட்டும்போது தூங்கியதே இல்லை என்று ஒருவர் சொன்னால், அது அவருக்கு எப்படித் தெரியும்? பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லலாம். கேட்டதைக் கேட்டேன் என்று சொல்லலாம். தூக்கம் அப்படியல்ல. சாட்சி சொல்ல வேண்டிய ஆளை முதலில் வெளியே அனுப்பிவிட்டுத்தான் அது உள்ளே வருகிறது. சமையல் எண்ணெய் டேங்கர் ஓட்டிய இந்த மனிதர் ஒருநாளும் வாய்விட்டு இப்படிக் கேட்டதில்லை. அவருடைய வாழ்க்கை கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

லாரிகள் நிற்கும் யார்டில் அவருக்குப் பெயர் ஜெனரேட்டர். லோடு ஏற்றும் வரிசையில் வண்டி நிற்கும்போது கேபினுக்குள் இருக்கும் படுக்கையில் சாய்வார். சாய்ந்த கொஞ்ச நேரத்தில் சத்தம் கிளம்பிவிடும். புதிதாகச் சேர்ந்த காவலாளி ஒருவர், கரண்ட் இருக்கும்போது எதற்கு ஜெனரேட்டர் ஓடுகிறது என்று அதை நிறுத்தக் கிளம்பி, டேங்கரைச் சுற்றிச் சுற்றி வந்து சுவிட்சைத் தேடினாராம். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். அவர் அதற்காகக் கோபப்பட்டதில்லை. "கரண்ட் போனா என்னைத்தானே தேடுவீங்க" என்பார்.

பெரிய உடம்பு. தலையிலிருந்து தோள் வரை கழுத்து ஒரே அகலமாக இறங்கும். சட்டையின் மேல் பொத்தானை அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை. மனைவி வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்தார். கணவனுக்குச் சட்டை தைக்கும்போதெல்லாம் காலரைக் கொஞ்சம் கூட்டித்தான் வெட்டுவார்.

அவரிடம் இருந்தது துறைமுக ரூட். அகலமான சாலை, சீக்கிரம் இறக்கிவிடும் கிடங்கு, வார விடுமுறைக்கு வீட்டில் இருக்கலாம். யார்டில் அந்த ரூட்டின் மேல் கண் வைக்காதவர்கள் இல்லை. பல வருஷமாக அது அவரிடமே இருந்ததற்குக் காரணம் சிபாரிசு இல்லை. அவருடைய வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை, லோடு ஒருநாளும் தாமதமானதில்லை. "ஸ்டியரிங்கில உட்கார்ந்தா எனக்குக் கண்ணு அசராது" என்று சொல்வார். அதில் பெருமையடிக்கிற தொனி இருக்காது. என் உயரம் இவ்வளவு என்று சொல்கிற மாதிரி சொல்வார்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லா டிரைவர்களும் உடல் தகுதிப் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போட்ட கார்டு இல்லாமல் வண்டிச் சாவி கைக்கு வராது. மலைச் சரிவில் பிரேக் போனாலும் கலங்காதவர்கள் அந்த வாரம் மட்டும் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுவார்கள். யார்டில் இதற்கென்றே ஒரு பாடத்திட்டம் இருந்தது. முதல் நாளே உப்பைக் குறைத்துக்கொள். காலையில் டீ குடிக்காதே. சீக்கிரமாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, நிதானமாக மூச்சை இழுத்து விடு, பிரஷர் இறங்கிவிடும். கேள்வித்தாள் கொடுத்தால் மேலிருந்து கீழ்வரை 'இல்லை'யில் டிக் அடித்துக்கொண்டே போ. இந்தக் கடைசிப் பாடத்தை வரிக்கு வரி பின்பற்றியவன் ஜெனரேட்டரின் மைத்துனன். அவனும் அதே யார்டில் டிரைவர். 'கண்ணாடி அணிபவரா?' என்ற கேள்விக்கும் 'இல்லை' போட்டுவிட்டு, மூக்கில் கண்ணாடியோடு டாக்டர் முன்னால் போய் நின்றான்.

வழக்கமாகப் பார்த்துவந்த வயதான டாக்டர், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். "நல்லா இருக்கேன்" என்றால் அதையே ஒரு மருத்துவ முடிவாக எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அந்த வருஷம் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடத்தில் ஓர் இளம் பெண் டாக்டர் வந்திருந்தார். ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற ஷூ, குறைவான பேச்சு. ஜெனரேட்டருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகப் படவில்லை. பாடத்திட்டப்படி டீ குடிக்காமல், அழைத்த நேரத்துக்கு வெகு முன்பாகவே போய், காத்திருக்கும் அறையில் சுவரோரமாக உட்கார்ந்தார். மேலே மின்விசிறி. எதிரே இதயத்தின் படம். கண்ணை மூடி மூச்சை இழுத்தார், விட்டார், இழுத்தார்.

கண்ணைத் திறந்தபோது டாக்டர் எதிரில் நின்று தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டீங்களா டாக்டர்?"

"இல்ல, சும்மாதான் நின்னேன். உள்ள வாங்க."

உள்ளே எல்லாம் ஒழுங்காக நடந்தது. எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்தார். முதுகுக்குப் பின்னால் நின்று டாக்டர் கிசுகிசுத்த சொற்களைத் திருப்பிச் சொன்னார். பிரஷர் அற்புதமாக இருந்தது. பாடத்திட்டம் வீண்போகவில்லை என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டார். அப்போது டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அளவு நாடாவை எடுத்தார்.

"சட்டை தைக்கவா டாக்டர்? எங்க வீட்டிலயே தையல் கடை இருக்கு. போன் போட்டா அளவு சொல்லிடுவாங்க."

"என்ன சொல்வாங்க?"

"பதினெட்டு. முன்னாடி பதினேழரை."

நாடாவும் பதினெட்டு அங்குலம் என்றது. டாக்டர் குறித்துக்கொண்டார்.

"குறட்டை விடுவீங்களா?"

"இல்லீங்க."

"நிச்சயமா?"

"தூங்குறவனுக்கு எப்படிங்க தெரியும்?"

"அப்போ இல்லைன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

சாலையில் எதிரில் வருகிறவன் திடீரென்று விளக்கைப் போட்டால் ஏற்படுகிற கூச்சம் அவருக்கு வந்தது.

"சரி, வெளியில எவ்வளவு நேரம் தூங்கினீங்க?"

"தூங்கலியே. பிரஷருக்காக மூச்சு இழுத்து விட்டுக்கிட்டிருந்தேன்."

"இழுத்தீங்க, விட்டீங்க. நடுவில நிறுத்திட்டீங்க. இவ்வளவு நேரமா நிறுத்துறாரேன்னுதான் நான் வாட்ச்சைப் பார்த்துக்கிட்டு நின்னேன். தொட்டு எழுப்பலாம்னு கையை நீட்டினேன். நீங்களே ஒரு உறுமல் போட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சிட்டீங்க."

வாசலில் நின்ற உதவியாளர், "நோட்டீஸ் போர்டே ஆடிச்சு டாக்டர்" என்று தன் பங்கையும் சேர்த்தார்.

டாக்டர் சுருக்கமாக விளக்கினார். சிலருக்கு, அதுவும் கழுத்துப் பெருத்தவர்களுக்கு, தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். மூச்சு நின்றதும் மூளை பதறி ஒரு நொடி எழுப்பிவிடும். எழுந்தது ஆளுக்கே தெரியாது. இரவெல்லாம் இது நடந்தால் படுத்தும் தூங்காத உடம்பு பகலில் எங்கே வேண்டுமானாலும் கண்ணை மூடும். அதைச் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது.

"அதுவரைக்கும்?"

"வண்டி ஓட்டக் கூடாது."

"டாக்டர், இத்தனை வருஷத்தில ஓட்டும்போது ஒரு தடவைகூட நான் கண் அசந்ததில்லை."

"இருக்கலாம்" என்றார் டாக்டர். அந்தச் சொல்லில் கேலி இல்லை. ஒப்புதலும் இல்லை.

யார்டு மேனேஜர் ஆளைத் தெரிந்தவர், ஆனால் லோடையும் தெரிந்தவர். "ரெண்டு மாசம் உங்க மைத்துனன் அந்த ரூட்டைப் பார்க்கட்டும். அதுக்குள்ள கார்டு வந்தா ரூட்டு உங்களுது. வரலைன்னா வேற ஆளுக்கு எழுதிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நின்னா பிரயோஜனம் இல்லை, இப்பவே சொல்லிட்டேன்." ஜெனரேட்டர் தலையாட்டினார். ரூட் போனால் யார்டில் தன் பெயருக்குக் கீழே தரை இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாம் நாளே மைத்துனன் வீட்டுக்கு வந்து குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, பேட்டரிக் கடை மாடியில ஒருத்தர் இருக்கார். கழுத்தெல்லாம் அளக்க மாட்டார். டீ ஆறுறதுக்குள்ள கார்டு கையில."

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அவனுடைய அக்கா கேட்டார்: "கண்ணாடியோட நின்ன உனக்குக் கண்ணாடி இல்லைன்னு கையெழுத்துப் போட்டவரா?"

"அக்கா, அது பழைய கதை."

ஜெனரேட்டர் போனார். போகவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் போனார். மாடியில் ஒரே அறை, ஒரு மேசை. அங்கே இருந்தவர் போனில் பேசிக்கொண்டே சட்டைக்கு மேலேயே பிரஷர் பட்டையைச் சுற்றினார், காற்று அடிக்காமலே ஓர் எண்ணை எழுதினார். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டியபோது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "உடம்பு பிரமாதம்" என்று கார்டில் கையெழுத்துப் போட அவர் பேனாவை எடுத்த இடத்தில் ஜெனரேட்டர் எழுந்துவிட்டார்.

படியிறங்கும்போது மைத்துனன் பின்னாலேயே ஓடிவந்தான். "ஏன் மாமா, முடிஞ்சிடுச்சே!"

"என்னைப் பார்க்காமலே எனக்கு உடம்பு நல்லா இருக்குங்கிறான். அதைச் சொல்ல அவன் யாருடா? என் உடம்பு நல்லா இருக்குன்னா பார்த்துட்டுச் சொல்லட்டும். அந்த டாக்டரம்மா டெஸ்ட்லயே ஜெயிச்சு, அந்த ரிசல்ட்டை அவங்க மேசையில போடுறேன். தூங்குறதுல என்னை அடிச்சுக்க ஆள் இருக்கா?"

இது நேர்மை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. நல்ல உடம்பு என்று தான் நம்பிய ஒன்றை ஒருவன் பார்க்கக்கூட மறுத்தது அவருக்கு அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் சில சமயம் மனிதர்களைச் சரியான வாசலுக்குக் கொண்டுபோய் விடுவது அவர்களுடைய செருக்குதான்.

சோதனைக்கு ஓர் இரவு ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். ஒட்டிய பெண்ணிடம், "எல்லாத்தையும் பிடுங்காம தூங்கினா பரிசு உண்டா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனார். விடிந்ததும் வெற்றி வீரராக வீட்டுக்கு நடந்தார். ஒரு தடவைகூட விழிக்காமல் தூங்கியதாகவே அவருக்கு நினைவு.

அடுத்த வாரம் டாக்டர் ஒரு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கிய கோடு, திடீர் திடீரென்று தட்டையாகப் படுத்தது.

"ஒரு மணி நேரத்துக்கு முப்பத்தெட்டு தடவை உங்க மூச்சு நின்னிருக்கு."

"அப்படின்னா நான் மணிக்கு முப்பத்தெட்டு தடவை முழிச்சேனா?"

"ஆமா."

"எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்லையே."

"இருக்காது."

தோற்றுக்கொண்டிருப்பவர் பிடித்துக்கொள்கிற கடைசிப் புள்ளியைப் பிடித்தார். "ராத்திரி என்னமோ நடக்கட்டும் டாக்டர். ஆனா வண்டியில நான் தூங்கினதில்லை. அது எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர். "உங்களுக்கும் தெரியாது."

வீட்டுக்கு வந்து, தோல்வியை நகைச்சுவையாக மாற்றிச் சொல்லிப் பார்த்தார். "கேட்டியா? மணிக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சை நிறுத்துறேனாம்."

மனைவி துணியை ஊசிக்கு அடியில் தள்ளிக்கொண்டே, "அவ்வளவுதானா? நான் இன்னும் ஜாஸ்தின்னு நினைச்சேன்" என்றார்.

"உனக்குத் தெரியுமா?"

"பக்கத்தில படுக்கிறவளுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? நீங்க நிறுத்துவீங்க. நான் காத்துக்கிட்டு இருப்பேன். வரலைன்னா முழங்கையால ஒரு இடி. மறுபடி ஓடும்."

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னேங்க. இப்படிக் குறட்டை விடுறீங்களே, யாரையாவது பார்க்கலாமேன்னு சொன்னேன். ஜெனரேட்டர்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்னு சிரிச்சீங்க. எனக்கும் சிரிப்பு வந்திடுச்சு." மெஷினை நிறுத்தினார். "வீட்டில நான் இடிக்கிறேன். வண்டியில யாருங்க இடிப்பா?"

மறுநாள் அவர் டாக்டரிடம் மறுபடி போனார்.

மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு முகமூடி, அதற்குக் காற்றை ஊதித் தள்ள ஒரு சின்னப் பெட்டி. ஒரு மாதம் தவறாமல் போட்டுத் தூங்க வேண்டும். போட்டாரா இல்லையா என்பதைப் பெட்டியே பதிவு செய்துகொள்ளும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. முதல் முறை மாட்டியபோது மைத்துனன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, எந்தக் கிரகத்துக்குக் கிளம்பிட்டீங்க?" என்றான். "உன்னை மாதிரி ஆள் இல்லாத கிரகமா பார்த்துத்தான்" என்று முகமூடிக்குள்ளிருந்து பதில் வந்தது. தூங்க முடியாமல் போனது மனைவிக்குத்தான். வீட்டில் விழுந்த அந்த அமைதியில் அவருக்கு அடிக்கடி விழிப்பு வந்தது. முழங்கையை ஓங்கிக்கொண்டு எழுந்து பார்ப்பார். இடிக்க வேலையில்லாமல் மறுபடி படுப்பார்.

மாற்றம் மெல்ல வரவில்லை. சில நாட்களிலேயே வந்துவிட்டது. அலாரத்துக்கு முன்பே எழுந்தார். தினசரியைப் பிரித்தால் கடைசிப் பக்கம்வரை போனார். ஒரு விடுமுறை நாளில், பல தடவை பார்த்ததாக அவர் நினைத்திருந்த ஒரு படத்தை டிவியில் முழுக்கப் பார்த்துவிட்டு, "இதுக்கு முடிவெல்லாம் இருக்கா?" என்று கேட்டார். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் தலை தெளிந்திருக்கிறது என்று உணர்கிறவர், அதுவரை தெளியாமல் இருந்தது என்பதையும் கூடவே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. விழிப்பு என்று அவர் இத்தனை காலம் அழைத்துவந்தது வேறு ஏதோ ஒன்று. அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை.

கெடுவுக்குள் கார்டு வந்தது. டாக்டர் பெட்டியின் பதிவைப் பார்த்தார், கழுத்தை மறுபடி அளந்தார், ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார். "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். டாக்டருக்கு அது நீண்ட உரை. மேனேஜர் சாவியைத் தூக்கிப் போட்டார். ஜெனரேட்டர் ஒற்றைக் கையால் பிடித்தார். யார்டில் கைதட்டினார்கள். மைத்துனன் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அப்பாடா, இந்த ரூட்டு சொகுசு எனக்குப் பழகுறதுக்குள்ள வந்துட்டீங்க" என்றான். அவன் குரலில் கொஞ்சம் ஏக்கம் இருந்தது, மறைக்கப் பார்த்தான்.

முதல் லோடு காலையிலேயே கிளம்பியது. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று அவர் சொல்லிவந்த சாலை. கியர் கையில் வழுக்கியது, வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. பாட்டு முணுமுணுத்தபடி ஒரு நீண்ட வளைவைத் திரும்பியபோது, சாலையின் இடதுபுறம் ஒரு புகைபோக்கி நின்றது. செங்கல்லால் கட்டியது, மேலே வெள்ளைப் பட்டை, வயல்களுக்கு நடுவே வானத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டு நின்றது.

அவர் அதைப் பார்த்ததே இல்லை.

அந்தத் தொழிற்சாலை வாசலில் வண்டியை ஓரங்கட்டினார். காவலாளி, ஏதோ டெலிவரி என்று நினைத்துக் கதவைத் திறக்க வந்தார்.

"டெலிவரி இல்லீங்க. இந்தப் புகைபோக்கி எப்ப கட்டினாங்க?"

"எதுக்குக் கேட்கிறீங்க?"

"சும்மா."

"யாருக்குத் தெரியும்? எங்கப்பா இங்க வேலை பார்க்கும்போதே இருந்துச்சு. இந்தப் பக்கம் புதுசா வர்றீங்களா?"

ஜெனரேட்டர் மேலே பார்த்தார். பட்டையின் வெள்ளை பல மழைகளில் நனைந்து பழுப்பேறியிருந்தது.

"ஆமாங்க, புதுசு" என்றார்.

மீதிப் பயணத்தில் அவர் பாடவில்லை. இருபக்கமும் பார்த்துக்கொண்டே ஓட்டினார். இரும்புப் பாலம் தெரிந்தது. அது ஞாபகம் இருந்தது. அதற்கு அடுத்து நீலச் சுவர் வைத்த ஒரு பள்ளிக்கூடம் வந்தது. அது ஞாபகம் இல்லை. பிறகு ஒரு பெட்ரோல் பங்க், தெரிந்தது. பிறகு சாலையை ஒட்டியே நீளமாகப் படுத்திருந்த ஓர் ஏரி. இவ்வளவு தண்ணீரை ஒருவர் எப்படிப் பார்க்காமல் போக முடியும்? ஆனாலும் இத்தனை வருஷமும் லோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. கீறல் விழவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இதில் எவ்வளவு அவருடைய திறமை, எவ்வளவு எதிரில் வந்தவர்களின் திறமை என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. லோடை நேரத்துக்கு இறக்கினார், நேரத்துக்குத் திரும்பினார். வண்டியை நிறுத்துமிடத்தில் கோட்டுக்குள் சுத்தமாகச் செருகினார்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"துறைமுக ரூட்டை மைத்துனனுக்கே எழுதிடுங்க."

மேனேஜர் போனைக் கீழே வைத்தார். "என்ன சொல்றீங்க? இதுக்காகத்தானே ரெண்டு மாசம் தவம் இருந்தீங்க? வண்டியில ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல. வண்டி நல்லா இருக்கு, நானும் நல்லா இருக்கேன். மலை ரூட்டைக் கொடுங்க."

"மலை ரூட்டா? கொண்டை ஊசி வளைவு, ஒத்தை ரோடு, லோடு இறக்க ஆள் கிடைக்காது. அதைக் கொடுத்தா டிரைவருங்க என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. நீங்க கேட்டு வாங்குறீங்களே!"

"சண்டைக்கு வராத ஆள் ஒருத்தன் கிடைச்சிருக்கேன்ல? எழுதுங்க."

விஷயம் தெரிந்து மைத்துனன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "மாமா, என் மேல ஏதாவது கோபமா?"

"கோபம் இருந்தா நல்ல ரோட்டையா கொடுப்பாங்க? போய் ஓட்டு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஓட்டு."

"ஏன்னு மட்டும் சொல்லுங்க."

"டயர்ல காத்து பார்த்தியா? முதல்ல அதைப் பாரு."

மனைவியும் கேட்டார். நேரடியாகவும் கேட்டார், சட்டைக்கு அளவெடுக்கிற சாக்கில் சுற்றி வளைத்தும் கேட்டார். "காலர் குறைஞ்சிருக்கா பாரு" என்று ஜெனரேட்டர் பேச்சை மாற்றினார். அரை அங்குலம் குறைந்திருந்தது. யார்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: பயந்துவிட்டார், மைத்துனனுக்காக விட்டுக்கொடுத்தார், முகமூடி மாட்டிய பிறகு மூளை கொஞ்சம் பிசகிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தார், எதையும் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, முகமூடிப் பெட்டியை கேபின் படுக்கையில் பெல்ட் போட்டுக் கட்டிவிட்டு, டேங்கரை மலைப்பாதைக்குத் திருப்பினார். பழக்கத்தில் கை தானாக ஓட்டிவிட முடியாத பாதை அது; ஒவ்வொரு வளைவையும் பார்த்துத்தான் திரும்ப வேண்டும்.